வலப்பக்கம் இரண்டு சுற்று

அத்தானின் மோட்டார் சைக்கிளில் நான் ஒரு நாளும் ஏறியதில்லை. கல்யாணமாகாத கொழுந்தியாள் அக்கா புருஷன் பின்னால் உட்கார்ந்து போவது எங்கள் பக்கத்தில் நடக்கிற காரியமில்லை. வண்டி வீட்டு வாசலில் சும்மா நிற்கும்போதுகூட அதன் சீட்டில் உட்கார்ந்து பார்த்ததில்லை. தெருவில் போகிறவர்கள் பார்த்தால் என்ன நினைப்பார்கள் என்ற பயம். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நான் செய்த தப்புக்கு இது பாதிக் காரணம். மீதிப் பாதி என் திமிர்.

எங்கள் ஊர் ஆவூர்ப் பக்கம். அப்பாவுக்கு மானாவாரி நிலம், கொஞ்சம் ஆடு, இரண்டு மாடு. எங்கள் வீட்டிலிருந்து பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்த முதல் ஆள் நான். கன்னியாஸ்திரீகள் நடத்திய விடுதியில் தங்கிப் படித்து, டீச்சர் டிரெய்னிங் முடித்து, புதுக்கோட்டையில் ஓர் ஆரம்பப் பள்ளியில் வேலைக்குச் சேர்ந்தபோது எனக்கு இருபது வயது. ஆறு வயது மூத்த அக்கா கல்யாணமாகித் திருக்கோகர்ணத்தில் வாடகை வீட்டில் இருந்தாள். அவள் வீட்டில் தங்கித்தான் வேலைக்குப் போய் வந்தேன். அக்காவுக்குக் கையெழுத்துப் போடத் தெரியாது. நான் விடுதிக்குப் போன வருஷம் அவள் மாட்டை ஓட்டிக்கொண்டு எதிர்த்திசையில் போனாள். அதைப் பற்றி அவள் ஒரு தடவையும் பேசியதில்லை. நானும் பேசியதில்லை.

அத்தான் ஒரு கடலை மண்டியில் ஏஜெண்ட். அரிமளம், குன்றாண்டார்கோவில் என்று ஊர் ஊராகப் போய், செடியில் இருக்கும்போதே கடலையைப் பிடுங்கிப் பார்த்து விலை பேசிவிட்டு வருவார். மண்டி முதலாளி ஓட்டிச் சலித்த பழைய மோட்டார் சைக்கிள் ஒன்று அந்த வேலைக்காக அவரிடம் வந்திருந்தது. ஓட்டுவதில் கெட்டிக்காரர். ஆனால் ஒரு போல்ட் கழன்றால் போதும், அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு காசைத் தொலைத்தவர் மாதிரி நிற்பார்.

கழன்றதை மாட்டுகிறவள் அக்கா. அவளுக்கு யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை. ஒரு தடவை முதலாளியின் கார் டிரைவர் வந்து பிளக்கைக் கழற்றித் துடைத்தபோது காப்பி டம்ளரோடு பக்கத்தில் நின்று பார்த்தாள். அடுத்த தடவை டிரைவரைக் கூப்பிடவில்லை. அத்தான் வெளியில், "நாந்தான் பிரிச்சு மாட்டுனேன்" என்று சொல்லுவார். அதைக் கேட்டால் அக்காவுக்குச் சிரிப்பு தாங்காது.

"ஆமா, இவரு பிரிச்சாரு. கடலையத்தான் பிரிச்சாரு" என்பாள் என்னிடம்.

வண்டிக்கு நீளமான ஒரே சீட். முன்பக்கம் கீல். பின்பக்கம் சீட்டுக்கு அடியில் ஒரு கொக்கி, அது சட்டத்தில் முடுக்கியிருக்கும் தகட்டில் போய் மாட்டிக்கொள்ளும். சீட்டைத் தூக்கினால்தான் பாட்டரிக்குத் தண்ணீர் ஊற்ற முடியும். அந்தக் கொக்கி நாளாக நாளாகப் பிடிக்காமல் போயிற்று. பள்ளத்தில் சக்கரம் இறங்கினால் சீட்டின் பின்பக்கம் தூக்கி அடித்தது. "பின்னால மூட்டை கட்டுனா எகிறுது" என்று அத்தான் சொன்னார். அக்கா பழைய சைக்கிள் ட்யூபை நீளவாக்கில் இரண்டு விரல் அகலத்துக்கு வெட்டி, சீட்டையும் பின் காரியர் கம்பியையும் சேர்த்துச் சுற்றிக் கட்டினாள். வலப்பக்கம் இரண்டு சுற்று. இடப்பக்கம் ஒரு சுற்று. முடிச்சைப் பல்லால் கடித்து இழுத்து இறுக்கினாள். அதற்குப் பிறகு சீட் எகிறவில்லை.

எனக்கு அந்த ட்யூப் கண்ணை உறுத்தியது. கறுப்பு மங்கிச் சாம்பல் பூத்து, நடுவில் பஞ்சர் ஒட்டின வட்டத்தோடு, வாசலில் நிற்கிற வண்டியில் அதுதான் முதலில் கண்ணில் படும். அதிலும் இரண்டு பக்கமும் ஒரே மாதிரி இல்லை. எண்ணத் தெரியாதவள் கட்டினது அப்படித்தான் இருக்கும் என்று மனசுக்குள் நினைத்தேன். என் சொந்த அக்காவைப் பற்றி நினைத்தேன்.

ஒரு சாயங்காலம் என்னோடு வேலை பார்த்த ஒரு டீச்சர் பாடக்குறிப்பு நோட்டு வாங்க வீட்டுக்கு வந்தார். அவருடைய தகப்பனார் தாசில்தார் ஆபீசில் குமாஸ்தா. வாசலில் வண்டியைப் பார்த்துவிட்டு, "என்ன டீச்சர், ஒங்க வண்டிக்கு இடுப்புப் பிடிச்சுக்கிச்சா? கட்டுப் போட்டிருக்கீங்க" என்றார்.

நானும் சேர்ந்து சிரித்தேன்.

"யாரு கட்டுனாங்க, நாட்டு வைத்தியரா?"

"தெரியலை டீச்சர். எங்க அத்தான் யாரையோ விட்டுக் கட்டியிருப்பாங்க."

அக்கா நிலைப்படிக்கு உள்ளே காப்பி ஆற்றிக்கொண்டிருந்தாள். கேட்டிருக்கும். காப்பியைக் கொண்டுவந்து வைத்து, "சீனி பத்துமான்னு பாருங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு உள்ளே போனாள். அவள் என் அக்கா என்று அந்த டீச்சரிடம் நான் சொல்லத்தான் செய்தேன். ஆனால் அவர் கேட்ட பிறகு சொன்னேன்.

அன்றைக்கே அந்த ட்யூபை அவிழ்த்துவிடுவது என்று முடிவு செய்தேன்.

வண்டியோடு வந்த ஓர் இங்கிலீஷ் புத்தகம் அலமாரியில் காகிதங்களுக்கு அடியில் கிடந்தது. அந்த வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான் என்பதே எனக்கு அதில் பாதி ருசி. டிக்ஷனரியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு இரண்டு ராத்திரி படித்தேன். சீட்டுக் கொக்கியைப் பற்றி அரைப்பக்கம் இருந்தது, படத்தோடு. தகட்டைப் பிடித்திருக்கிற இரண்டு போல்டையும் தளர்த்து, தகட்டை முன்னால் தள்ளு, கொக்கி நன்றாகக் கவ்வுகிற இடத்தில் நிறுத்து, போல்டை முடுக்கு, சீட்டை மூடி மேலே இழுத்துப் பார். அவ்வளவுதான். இதற்குப் போய் ட்யூபா என்று நினைத்தேன்.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஆவூர்ப் பக்கம் எங்கள் ஊர் மாதா கோவிலில் திருவிழாப் பூசை. அக்காவும் அத்தானும் விடியற்காலையில் வண்டியில் போவதாக ஏற்பாடு. எனக்குப் பள்ளிக்கூடத்தில் திங்கட்கிழமை இன்ஸ்பெக்ஷனுக்கான வேலை இருந்ததால் நான் வரவில்லை என்று சொல்லியிருந்தேன். சனிக்கிழமை மத்தியானம் அத்தான் தூங்கினார். அக்கா குளத்துக்குத் துவைக்கப் போயிருந்தாள். அக்காவின் ஸ்பேனர் பையை எடுத்துக்கொண்டு, வண்டியை முற்றத்து ஓரமாகத் தள்ளி, புத்தகத்தை விரித்துத் தரையில் வைத்தேன்.

ட்யூப் முடிச்சு அவிழவில்லை. அரிவாள்மணையைக் கொண்டுவந்து அறுத்தேன். போல்டுக்கு மண்ணெண்ணெய் விட்டு ஊறவைத்துத் திருகினேன். புடவையில் கிரீஸ் பட்டது, பெருமையாகத்தான் இருந்தது. தகட்டின் வலது ஓரம் தேய்ந்து வழுவழுவென்று சரிந்திருந்தது. அதைப் பார்த்தேன். பார்க்கவில்லை என்று சொல்ல முடியாது. ஆனால் படத்தில் இருந்த தகட்டில் தேய்ந்த ஓரம் இல்லை. படத்தில் இல்லாததைப் பற்றிப் புத்தகம் ஒன்றும் சொல்லவுமில்லை. தகட்டை முன்னால் தள்ளி முடுக்கிச் சீட்டை மூடினேன். டக் என்று விழுந்தது. இரண்டு கையாலும் பிடித்து மேலே இழுத்தேன். அசையவில்லை. இன்னொரு தடவை இழுத்தேன். ஆடாமல் இருந்தது.

புத்தகத்தின் அட்டைப் படத்தில் ஒரு தொப்பிக்காரர் இரண்டு பக்கமும் கால் போட்டு உட்கார்ந்திருந்தார். புடவை கட்டினவள் அப்படி உட்காரமாட்டாள், இரண்டு காலையும் இடப்பக்கம் தொங்கவிட்டு ஒருச்சாய்த்துத்தான் உட்காருவாள் என்பது எனக்குத் தெரியாததா? பிறந்ததிலிருந்து வண்டி, சைக்கிள் எதிலும் பெண்பிள்ளைகள் அப்படி உட்கார்ந்துதான் பார்த்திருக்கிறேன். ஆனால் அந்த மத்தியானம் அது என் நினைப்பில் வரவில்லை. ஏறி உட்கார்ந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். ஏற மாட்டேன் என்று முன்னாலேயே சொன்னேனே.

அறுத்த ட்யூபை வெந்நீர் அடுப்பில் போட்டேன். அக்கா துவைத்த துணியோடு வந்து மூக்கைச் சுளித்தாள்.

"என்னடி நாத்தம்?"

"குப்பை எரிச்சேன்."

கொக்கியைச் சரிசெய்ததை அப்போதே சொல்லவில்லை. திருவிழாவுக்குப் போய்த் திரும்பி வரட்டும், "சீட்டு எப்படி இருந்துச்சு?" என்று கேட்டுவிட்டுச் சொல்லலாம், அத்தானும் இருக்கும்போது சொல்லலாம் என்று சேர்த்து வைத்திருந்தேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை எட்டு மணி இருக்கும். ஒரு லாரியில் இரண்டு பேரும் திரும்பி வந்து இறங்கினார்கள். அக்காவின் வலது கை முந்தானையால் கழுத்தோடு சேர்த்துக் கட்டியிருந்தது. முகத்தில் ஒரு பக்கம் முழுக்க மண். நார்த்தாமலை தாண்டி ரோட்டில் ஒரு பள்ளம், சக்கரம் இறங்கி ஏறியதும் சீட் பின்னால் திருகிக்கொண்டு தூக்கியிருக்கிறது. அக்கா பின்பக்கமாக விழுந்து கையை ஊன்றியிருக்கிறாள். மணிக்கட்டு முறிந்துவிட்டது.

பக்கத்து வீடுகளிலிருந்து எல்லோரும் வந்து நின்றார்கள். அத்தானுக்கு அடி இல்லை, ஆனால் பயந்து போயிருந்தார். பயம் அவருக்குக் கோபமாகத்தான் வெளியே வரும்.

"எல்லாம் இவ கட்டுன லட்சணம். ட்யூப்பு அத்துக்கிட்டு எங்க விழுந்துச்சுன்னே தெரியல. ஒர்க்ஷாப்புல குடுப்போம்னு சொன்னேன், கேட்டாளா? பெரிய மெக்கானிக்கு இவ."

"பொம்பள கை வைக்கிற எடமா அது?" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

நான் கையில் வெந்நீர்ச் செம்போடு நின்றுகொண்டிருந்தேன். நான்தான் அறுத்தேன் என்று ஒரு வாக்கியம். தமிழில் நான்கு சொல்லுக்கு மேல் ஆகாது. வகுப்பில் அறுபது பிள்ளைகள் முன்னால் நின்று பேசுகிறவள் நான். வாய் திறக்கவில்லை. அக்கா தலையைத் தூக்கவில்லை. வலி என்று நினைத்துக்கொண்டேன்.

எலும்பு கட்டுகிறவர் வந்து முட்டை வெண்கருவும் உளுந்து மாவும் குழைத்துப் பூசி, மூங்கில் பத்தை வைத்துக் கட்டினார். கட்டுப் பிரித்தபோது கை கொஞ்சம் திரும்பினாற்போல் சேர்ந்திருந்தது. ஈரத்துணியை முறுக்கிப் பிழிய அவளால் முடியவில்லை. நான் பிழிந்துகொடுத்தேன். அதற்கு, "எம்புட்டு நல்ல புள்ள, அக்காமேல உசிரா இருக்கு" என்று தெருவில் பேர் வாங்கினேன்.

அத்தான் வண்டியை ஒர்க்ஷாப்பில் விட்டுப் பழைய தகட்டைத் தூக்கிப்போட்டுப் புதுசு போட்டார். ஸ்பேனர் பையை எடுத்துப் பரண்மேல் வைத்துவிட்டார். அக்கா இனி வண்டியைத் தொடக் கூடாது. துடைக்கலாம். அவளுக்கு மெக்கானிக்கு என்று பேரும் வைத்தார். குழம்பில் உப்பு கூடினால், "மெக்கானிக்கு கை பட்டிருக்கு." பானை கீறினால், "மெக்கானிக்கு, இதுக்கும் ட்யூப்பு கட்டிரு." வீட்டுக்கு வருகிறவர்களிடமும் சொல்லிச் சிரிப்பார். அவர் கெட்ட மனுஷர் இல்லை. கை முறிந்த நாளில் அவளைத் தூக்கிக்கொண்டு ரோட்டில் ஓடி லாரியை மறித்தவர் அவர்தான். ஆனால் ஒரு கேலி கிடைத்தால் தேயும்வரை விடமாட்டார். ஒரு நாள் வண்டி கிளம்பாமல் அவர் உதைத்து உதைத்து வேர்த்து நின்றபோது, அக்கா வாசற்படியில் நின்று அந்தச் சத்தத்தைக் காது கொடுத்துக் கேட்டாள். என்ன பழுது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது, முகத்தில் தெரிந்தது. ஒன்றும் சொல்லாமல் உள்ளே போனாள். அவர் வண்டியைத் தள்ளிக்கொண்டே ஒர்க்ஷாப்புக்குப் போனார்.

கோவிலில் பாவசங்கீர்த்தனத்தின்போது சாமியாரிடம் இதைச் சொன்னேன். எப்படிச் சொன்னேன் என்பதையும் எழுதிவிட வேண்டும். "என் கவனக்குறைவினால் பிறருக்குத் துன்பம் நேரிட்டது சாமி" என்று சொன்னேன். நல்ல தமிழ். அதில் அக்கா இல்லை, கை இல்லை, அரிவாள்மணை இல்லை. சாமியார் அருள் நிறைந்த மரியே செபம் மூன்று தடவை சொல்லச் சொன்னார். முழங்காலில் இருந்து சொல்லி முடித்துவிட்டு, விடுதலையாகிவிட்டதாக வீட்டுக்கு வந்தேன். வாசலில் அக்கா இடது கையால் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

இப்படி இரண்டு வருஷம் போயிற்று. அதற்குள் மெக்கானிக்கு என்று கூப்பிடுவது குறைந்து, நின்றும் போயிருந்தது. எனக்குள் நிற்கவில்லை. வகுப்பில் ஒரு பெண் பக்கத்துப் பிள்ளையின் சிலேட்டை உடைத்துவிட்டு வாயை மூடிக்கொண்டு நின்றாள். அவளைக் கடிந்துகொள்ள எழுந்தவள் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அன்று சாயங்காலமே சொல்லிவிடுவது என்று வந்தேன்.

அத்தான் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். அக்கா பரிமாறினாள்.

"அத்தான், அன்னைக்கு சீட்டு கழண்டதுக்கு அக்கா காரணமில்லை. அக்கா கட்டுன ட்யூப நான் அறுத்துட்டேன். புத்தகத்தப் பாத்துத் தகட்ட நான்தான் மாத்தி முடுக்குனேன். நான் முடுக்குனதுதான் கழண்டுச்சு."

அவர் சோற்றில் கையை வைத்தபடி என்னைப் பார்த்தார். பிறகு சிரித்தார்.

"அக்காமேல இம்புட்டுப் பாசமா டீச்சரம்மா? அவ பழிய நீ தூக்கிக்கிறியே. நீயாவது ஸ்பேனரத் தொடுறதாவது."

"நெசமாத்தான் சொல்றேன் அத்தான்."

"படிச்ச புள்ள செஞ்சிருந்தா ஒழுங்காச் செஞ்சிருக்கும். கழண்டிருக்காது. எனக்குத் தெரியாதா?"

நான் அக்காவைப் பார்த்தேன். அவள் கரண்டியைப் பானையில் வைத்துவிட்டு, "அவ சொல்றது நெசம்" என்றாள். "நான் ஏறுறப்பவே பாத்தேன். ட்யூப்பு இல்ல."

அத்தானின் சிரிப்பு நின்றது. "பாத்தியா? பாத்துட்டா உக்காந்த? அப்பவே ஏன் சொல்லல?"

"அவ கை வச்சிருக்கான்னு தெரிஞ்சுச்சு. கிரீசுக் கைத் தடம் செவுத்துல இருந்துச்சு. படிச்சவ, பாத்துத்தான் செஞ்சிருப்பா, நாம கட்டுனதவிட நல்லாருக்கும்னு உக்காந்தேன். நான் வலப்பக்கம் ரெண்டு சுத்துச் சுத்துனதே அங்கிட்டு தகடு தேஞ்சு போயிருந்துச்சுன்னுதான். பொம்பள ஒருச்சாஞ்சு உக்காந்தா வலப்பக்கம்தான் தூக்கும். அதையும் பாத்திருப்பான்னு நெனச்சேன்."

 அவள் என்மேல் குற்றம் சொல்லவில்லை. கணக்குச் சொல்வதுபோல் அடுத்தடுத்துச் சொன்னாள். எண்ணத் தெரியாதவள் என்று நான் நினைத்தவள்.

அத்தானுக்கு அந்த விளக்கம் ஏறவில்லை. அவருக்கு ஏறியது வேறு. "அக்காளும் தங்கச்சியும் உக்காந்து பேசி வச்சிருக்கீங்க" என்றார் அக்காவைப் பார்த்து. "அந்தப் பையத் திரும்பி வாங்குறதுக்கு இந்தப் புள்ளையப் பொய் சொல்ல வைக்கிற. நாலு புள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்குடுக்குற புள்ள அது."

"நான் எதுவும் சொல்லச் சொல்லல" என்றாள் அக்கா.

அவர் கை கழுவ எழுந்துவிட்டார்.

நான் அடுப்படிக்குள் அவள் பின்னால் போனேன். என்னவென்று மன்னிப்புக் கேட்பது என்று தெரியாமல், "அக்கா" என்று மட்டும் சொன்னேன்.

"ஒன்ன யாரு இப்பச் சொல்லச் சொன்னா?" என்றாள் மெதுவாக. "அன்னைக்குச் சொல்லியிருக்கணும். இல்லாட்டி விட்டுருக்கணும். அந்தப் பேரு இப்பத்தான் அடங்கிக் கெடந்துச்சு."

அவள் சொன்னது மறுநாளே நடந்தது. நான் பள்ளிக்கூடத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். வாசலிலிருந்து அத்தானின் குரல் கேட்டது. "மெக்கானிக்கு, தண்ணி கொண்டா." இரண்டு வருஷத்துக்கு முன்னால் இருந்த அதே உற்சாகம். என்னைப் பார்த்ததும், தங்கமான பெண் என்பதுபோல் தலையை ஆட்டினார். என்னை மதிக்கிறார். இன்றைக்கும் என்னைப் பற்றி யாரிடமாவது சொல்லும்போது, அக்காவுக்காகப் பழியை ஏற்க வந்த கதையைத்தான் முதலில் சொல்கிறார்.

நான் எதற்காக அன்று சொன்னேன் என்று பிறகு பல தடவை யோசித்திருக்கிறேன். அக்காவுக்காக என்று நினைத்துக்கொண்டுதான் வீட்டுக்கு வந்தேன். அவளுக்காக என்றால் அவளிடம் முதலில் கேட்டிருப்பேன். எனக்கு நெஞ்சு பாரம் தாங்கவில்லை, இறக்கி வைக்க ஓர் இடம் வேண்டியிருந்தது, அவள் தலையிலேயே மறுபடியும் இறக்கி வைத்தேன்.

இதை எழுதுவதற்கு முன்னால் இந்தத் தடவை கேட்டேன். போன மாதம் அவள் என் வீட்டுக்கு வந்திருந்தபோது, அந்தச் சீட்டு விஷயத்தை எழுதட்டுமா என்றேன். அவள் வெற்றிலையை மடித்துக்கொண்டிருந்தாள்.

"எழுதி?"

நான் பாக்குவெட்டியை அவள் பக்கம் தள்ளி வைத்தேன்.

"அவரு படிப்பாரா?"

"படிக்கலாம்."

"படிச்சா நீ நல்லா எழுதியிருக்கன்னுதான் சொல்லுவாரு" என்றாள். சிரித்தாள் என்றுதான் நினைக்கிறேன். "எழுதிக்க. எம் பேரப் போடாத."

போடவில்லை.